பனியில் ஓர் ஆமைக்கூடு

அந்தமானில் இருக்கும் எங்கள் மாயாபந்தருக்கும் குளிர்காலம் உண்டு. மழை ஓய்ந்து டிசம்பர் பிறந்ததும் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். விடிகாலையில் ஜெட்டிக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். என் அம்மா பெட்டியின் அடியில் கிடக்கும் கம்பளிப் போர்வையை எடுத்து வெயிலில் காயப்போடுவாள். வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனால் மே மாதம் தொடங்கி வருடத்தின் பெரும்பகுதியை மழையில் கழிக்கும் எங்களுக்கு அந்தக் காய்ந்த காற்றே குளிர்.

எங்கள் வீட்டில் குளிர்காலம் என்றால் ஆமைக்காலம். பிள்ளைகளின் அப்பா வனத்துறையில் வேலை பார்க்கிறார். டிசம்பரிலிருந்து கர்மாடாங் கடற்கரையில் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். இரவில் மணலில் ஆமைத்தடம் தேடி நடப்பதும், முட்டைகளை நாய் தோண்டிவிடாமல் எடுத்து வேலிக்குள் புதைத்துப் பாதுகாப்பதும், நாற்பத்தைந்து அறுபது நாள் கழித்துக் குஞ்சுகள் பொரிந்ததும் கடலில் விடுவதும் அவருடைய வேலையின் ஒரு பகுதி. சில ராத்திரிகளில் பிள்ளைகளையும் கூட்டிப்போவார். என் மகள் எழுதப் பழகும் முன்பே ஆமைக்குழி எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவள். மகன் அவளைவிட நான்கு வயது இளையவன். முதல் முதலாகக் குஞ்சு ஆமையைக் கையில் வாங்கியபோது அது துடுப்பை அடித்த வேகத்தில் பயந்து அழுதவன்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பனி எப்படித் தெரிந்தது என்று யோசித்தால், அது வெபியிலிருந்துதான் தொடங்குகிறது. வெபி, மாயாபந்தரை ஒட்டியுள்ள கரேன் மக்களின் கிராமம். 1925இல் பர்மாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். காட்டையும் கடலையும் அவர்கள் அளவுக்கு அறிந்தவர்களை நான் இங்கே பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே என் சிநேகிதி வீட்டுக்குப் போவோம். அவர்கள் வைக்கும் மரத்தில் பஞ்சைப் பிய்த்துக் கிளை கிளையாகப் போட்டிருப்பார்கள். அதுதான் ஸ்னோ என்று மகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்னோ சூடா இருக்கும்மா" என்றாள்.

எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரசுப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இமயமலை, பனிக்கோடு, பனியாறு என்று கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். சுண்ணாம்புக் கட்டியை அழுத்தித் தேய்த்துச் சிகரங்களை வெள்ளையாக்குவேன். முன்பெஞ்சில் இருக்கும் பிள்ளை, "மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்கும். எங்கள் தலைமுறைத் தமிழர்கள் பலரைப்போல நான் பார்த்த பனியெல்லாம் 1992இல் வந்த 'ரோஜா' படத்துப் பனிதான். கதை காஷ்மீரில் நடந்தாலும், அங்கே நிலைமை சரியில்லாததால் மணாலியில் எடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். அன்றிலிருந்து மணாலி என்ற பெயர் மனதில் தங்கிவிட்டது.

அரசு ஊழியருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர எல்.டி.சி. சலுகை உண்டு. நாங்கள் அதுவரை எல்லாச் சலுகையையும் ராமநாதபுரத்துக்கே செலவழித்தவர்கள். என் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து பொதுப்பணித் துறையில் கூலி வேலைக்கு அந்தமான் வந்தவர். அம்மா கல்யாணம் முடிந்து கப்பலில் வந்தவள். கலியாணம், காது குத்து, சாவு என்று ஊருக்குப் போய்வருவதே எங்களுக்கு விடுமுறை. 2020 ஜனவரியில் மட்டும் பிள்ளைகளுக்காக வடக்கே போவது என்று முடிவெடுத்தோம். அம்மாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை. "இந்த வயசுல எனக்கெதுக்கு ஆத்தா பனி" என்றவள், மறுநாளே கம்பளியைத் துவைத்து வைத்துவிட்டாள்.

மாயாபந்தரிலிருந்து பனிக்குப் போவது லேசான காரியமில்லை. விடியும் முன் பஸ் ஏறினால் போர்ட் பிளேர் சேர இருநூற்று நாற்பது கிலோமீட்டர். (2024இல்தான் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) ரங்கத் தாண்டி, கதம்தலா தாண்டி, ஹம்ப்ரி நீரிணையில் பஸ்ஸோடு படகில் ஏற வேண்டும். அப்போது அங்கே பாலம் இல்லை. பாராடாங்கைக் கடந்து மறுபடி ஒரு படகு. அதன்பின் ஜாரவா மக்களின் காடு. அங்கே குறித்த நேரங்களில் மட்டும், வண்டிகளை வரிசைகட்டி, போலீஸ் துணையோடு விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிறகு விமானம், டெல்லி மூடுபனி, ராத்திரி முழுக்க ஓடும் வால்வோ பஸ். மகன் தீவிலிருந்து புறப்பட்டது முதல் "இது கடலுக்கு அந்தப் பக்கமா?" என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டான். டெல்லியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் வராது என்பதை அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் தரை முடியாமல் இருப்பதைத்தான் அவன் முதல் அதிசயமாகக் கண்டான்.

குலுவைத் தாண்டிய பிறகு விடிந்தது. ஜன்னலுக்கு வெளியே பியாஸ் ஆறு பச்சையாக ஓடியது. மணாலியை நெருங்கும்போது சாலையோரம் அழுக்கு வெள்ளையாக, மண் கலந்து குவித்து வைத்திருந்ததைப் பார்த்து மகன் கத்தினான்: "அம்மா, மீனுக்குப் போடுற ஐஸ்!" பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் எனக்கு மனசு நிறைந்துபோனது. அவன் சொன்னது அத்தனை சரி. எங்கள் மார்க்கெட்டில் சூரையும் சுறாவும் வந்திறங்கும் பெட்டிகளில் அடிக்கும் அதே உடைத்த ஐஸ். இறங்கியதும் குனிந்து மோந்து பார்த்தான். மீன்வாடை இல்லாதது அவனுக்குச் சின்ன ஏமாற்றம்.

நாங்கள் தங்கியது வசிஷ்ட் கிராமத்தில், மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழே மாட்டுத் தொழுவம். கூடத்தின் நடுவில் தந்தூர் என்று அவர்கள் சொல்லும் இரும்பு அடுப்பு, புகைபோக்கி கூரை வழியாக வெளியே போகிறது. அதைச் சுற்றித்தான் குடும்பமே உட்காரும், உண்ணும், உறங்கும். வீட்டுக்கார அம்மா கட்டம் போட்ட பட்டுவைத் தோளில் ஊசி குத்திப் போர்த்தியிருந்தாள். பட்டு என்பது அவர்கள் கையால் நெய்யும் கம்பளிப் போர்வை. பிள்ளைகள் அவளைச் சாச்சி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கும் ஒரு மகன், என் மகள் வயது. அன்று ராத்திரி அவள் செய்து தந்த சித்து, உள்ளே வாதுமைக் கொட்டைப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டம், மேலே நெய். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "இது நம்ம கொழுக்கட்டைக்கு அக்கா தங்கச்சி" என்றாள். அதற்கப்புறம் அந்த ஊர் அவளுக்கு அந்நியமாக இல்லை.

வசிஷ்ட் கோயிலில் வெந்நீர் ஊற்று உண்டு. கந்தக வாடையோடு நீர் கொதித்து வர, கல்லால் கட்டிய தொட்டியில் பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாகக் குளிக்கலாம். வெளியே உறைபனி, உள்ளே ஆவி. அம்மா இறங்கியவள் ஏற மறுத்தாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை என்றாள். மகள் மட்டும் யோசனையோடு நின்றாள். பாராடாங்கில் சேறு கக்கும் மேட்டைப் பார்த்தவள் அவள். பாரன் தீவு எரிமலையைப் பற்றிப் பள்ளியில் படித்தவள். "அப்போ இதுக்கு அடியிலயும் எரிமலை இருக்காம்மா?" என்று கேட்டாள். அந்தமான் பிள்ளைதான் இப்படிக் கேட்கும். இல்லை என்றேன். இங்கே எரிமலை கிடையாது. மழையும் பனிநீரும் பாறை வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து திரும்பி மேலே வருகிறது. ஒரு குளத்துக்குள் கழுத்தளவு வெந்நீரில் நின்றுகொண்டு நான் நடத்திய அந்தப் பாடம்போல வேறெதையும் என் மகள் இவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கவில்லை.

அதுவரை நாங்கள் பார்த்தது கிடக்கும் பனி. விழும் பனி இரண்டாம் ராத்திரி வந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இமயத்தில் மோதி அந்த மாதங்களில் பனியைக் கொட்டுகின்றன. மேற்கத்திய இடையூறு என்று பாடப் புத்தகம் சொல்லும். நான் பலமுறை தேர்வுக்கு அதைக் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

மகன்தான் முதலில் எழுந்தான். ஜன்னலோரம் நின்றுகொண்டு என்னை உலுக்கினான். "அம்மா, சத்தமே இல்லாம மழை பெய்யுது."

எங்கள் வீட்டுக் கூரை தகரம். மழை என்றால் பேச்சு கேட்காது. டிவி கேட்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் காதில் வாய் வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் தூங்கி வளர்ந்த பிள்ளை, வானத்திலிருந்து இத்தனை இறங்கியும் ஒரு ஓசை இல்லாததைக் கண்டு கொஞ்சம் பயந்துதான் போனான். பெரிய மழைத்துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகம் வரை வந்து அறையும். பனித் துணுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஆடி ஆடி இறங்கும். விழுந்த பிறகும் அதன் இடுக்குகளில் இருக்கும் காற்று, சுற்றிலும் எழும் ஓசையையும் வாங்கிக்கொள்கிறது. இதை அவனுக்குச் சொல்லவில்லை. போர்வைக்குள் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் மட்டும் பனி இருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மகள், அவள் அப்பா, கடைசியில் அம்மா, எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் ஒரே ஜன்னலில். யாரும் விளக்கைப் போடவில்லை.

காலையில் முற்றம், வேலி, விறகுக் குவியல் எல்லாம் ஒரே வெள்ளை. தேவதாரு மரங்களின் கிளைகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் பாரம் சேரச் சேரப் பனி தானாகக் கழன்று விழுவதைப் பிள்ளைகளின் அப்பா நின்று பார்த்தார். படாக்கும் கர்ஜனும் பார்த்துப் பழகிய மனுஷன் அவர். ஒரு மரத்தின் அடியில் போய் அண்ணாந்து நின்றவர் தலையில் ஒரு குவியல் விழுந்தது. அதுதான் அன்றைய விளையாட்டின் தொடக்கம்.

வாடகைக்கு எடுத்த கோட்டும் கம்பூட்டும் போட்டுக்கொண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். சாச்சியின் மகன் பனி மனிதன் செய்யலாம் என்றான். உருட்டிக் காட்டினான். என் மகள் கொஞ்ச நேரம் உருட்டினாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பனியை வாரித் தள்ள ஆரம்பித்தாள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தோண்டிய விதம் எங்களுக்குத் தெரியும். ஆமை பின்துடுப்பால் தோண்டும் விதம் அது. மாற்றி மாற்றி, இடது ஒரு வாரல், வலது ஒரு வாரல். குழி ஒரு முழம் இறங்கியதும் அடியைக் குடம்போல் அகலமாக்கினாள். அவள் அப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டு ஆழம் பார்த்தார். கர்மாடாங்கில் செய்வது போலவே.

"முட்டை?" என்றான் மகன்.

பிறகு முட்டை. உள்ளங்கையில் வைத்து அமுக்கி உருட்டிய சின்னச் சின்னப் பனி உருண்டைகள். ஓர் ஆமை நூறு முட்டை அளவுக்கு இடும் என்பதால் நூறு வேண்டும் என்பதில் மகள் விட்டுக்கொடுக்கவில்லை. மணாலிப் பையனுக்கு இது என்ன விளையாட்டென்று புரியவில்லை. அவள் இந்தியில் விளக்கினாள். எங்கள் தீவில் வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் ராஞ்சியிலிருந்து வந்தவரும் கரேனும் பேசிக்கொள்வது இந்தியில்தான். என் பிள்ளைகளுக்கு அது தாய்மொழிக்கு அடுத்த வீடு. கடல் என்றால் என்ன, அலை ஏன் திரும்பிப் போகிறது, இவ்வளவு பெரிய பிராணி கரையேறி வந்து கண்ணில் நீர் வழிய முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்றெல்லாம் அவள் சொல்ல, அவன் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவன் கடலைப் பார்த்ததில்லை. ஆறு எல்லாம் போய்ச் சேரும் இடம் என்று மட்டும் அறிந்தவன். பிறகு அவனும் உட்கார்ந்து முட்டை உருட்டினான், தெருப்பிள்ளைகள் இன்னும் சிலர் வந்தார்கள். நூறு சேர்ந்ததா என்று நான் எண்ணவில்லை. குழி நிறைந்தது. அதை மூடி, மேலே உடம்பால் அழுத்தித் தட்டி, ஆமை செய்வது போலவே தடத்தைக் கலைத்தார்கள்.

மகன் அப்பாவிடம் வந்து கவலையோடு கேட்டான். "இந்தக் குளிர்ல குஞ்சு பொரிக்காதேப்பா?"

மணலின் சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்பதை அவன் வேலியோரம் நின்று கேட்டவன். அவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இது பனி ஆமை. இதோட முட்டை வெயில் வந்ததும் தண்ணியாகி ஆத்துல இறங்கிக் கடலுக்கே வந்துரும்" என்றார். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

விளையாட்டு முடிந்ததே மகள் விரல்களால். கையுறை நனைந்து எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறாள். முனைகள் வெளுத்து, முதலில் மரத்து, பிறகு வலிக்கத் தொடங்கியதும் அழுதாள். நான் பதறித் தந்தூர் பக்கம் இழுத்தேன். சாச்சி என்னைத் தடுத்தாள். நெருப்பில் நேரே காட்டக் கூடாது, மரத்த தோல் சுடுவதை உணராது என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் இரண்டு கையையும் தன் பட்டுவுக்குள் இழுத்து அக்குளில் அணைத்துக்கொண்டாள். மகள் அழுகை நிற்கும் வரை அப்படியே நின்றாள், ஏதோ பஹாடியில் பாடிக்கொண்டு. முன்பின் தெரியாத ஊரில் என் பிள்ளையின் குளிரைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணை நான் ஆயுளுக்கும் மறக்கப்போவதில்லை.

அம்மா இதற்கெல்லாம் வெளியே, தன்பாட்டில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் வாங்கி, சுத்தமான இடமாகப் பார்த்துப் புதுப்பனியை அமுக்காமல் அள்ளி நிரப்பிக் கொண்டுவந்து தந்தூர் மேல் வைத்தாள். அது சரிந்து சரிந்து உருகி, அடியில் கொஞ்சம் நீராக நின்றது. டம்ளரில் ஊற்றிப் பார்த்தாள். புதிதாக விழுந்த பனி பத்துப் பங்கு இருந்தால் ஒரு பங்கு தண்ணீர் தேறும் என்று நான் வகுப்பில் சொல்வதுதான். அவள் அதைச் செய்து கண்டாள். "ஆத்தாடி, இம்புட்டு அள்ளுனதுக்கு இவ்வளவுதானா" என்றாள் முதலில். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். மலை முழுக்க வெள்ளை. "ஆனா அம்புட்டும் தண்ணில்ல?"

அவள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரி. அந்த ஊர்ப் பெரிய கண்மாய் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கண்மாய்களில் ஒன்று. அது நிறைந்த வருடங்களையும் நிறையாத வருடங்களையும் வைத்துத்தான் அவள் தன் பிள்ளைப்பிராயத்தைச் சொல்வாள். கண்மாய் நிறைந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். காய்ந்த வருடம் மாட்டை விற்றது. மாயாபந்தருக்கு வந்த பிறகும், மார்ச் ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும்போது ஒரு குடத்தையும் வீணாக்க விடமாட்டாள். அப்படிப்பட்டவள் கேட்டது: "இது உருகி எங்க போகும்?"

சொன்னேன். இந்த பியாஸில் இறங்கும். கீழே பாங் அணையில் தேங்கும். பஞ்சாபில் ஹரிகே என்னும் இடத்தில் சட்லஜோடு சேரும். அங்கிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாக ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் போகும். பனி இங்கே விழுந்து கோடையில் அங்கே வயலுக்குப் பாயும். அம்மா பேசவில்லை. மலையை மறுபடி பார்த்தாள். "அப்ப இதுதான் அவுக கண்மாய்" என்றாள்.

பல வருடம் பாடம் நடத்தியும் இமயத்துப் பனியைப் பற்றி இவ்வளவு சரியாக நான் யாருக்கும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தது ஒரே பனியை. பிள்ளைகள் அதில் கடற்கரையைக் கண்டார்கள், அம்மா கண்மாயைக் கண்டாள். அவரவர் வளர்ந்த தண்ணீரைக் கொண்டுதான் அவரவர் அதைத் தொட்டார்கள். நான் பாடப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தேன், கூடவே பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய ஒரு கைலென்சையும்.

அதுவும் வீண்போகவில்லை. மறுநாள் லேசாகப் பனி தூவியபோது மகளின் கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையில் விழுந்த துணுக்குகளை அதில் பார்த்தோம். ஆறு கை. ஒவ்வொரு கையிலும் சிறு கிளைகள். மூச்சு பட்டால் போச்சு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து முதன்முதலில் இதைப் படம்பிடித்தார், வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார் என்று சொன்னேன். ஜப்பானில் நகாயா உகிச்சிரோ 1936இல் ஆய்வகத்தில் பனிப்படிகத்தை வளர்த்தது முயல் முடியின் நுனியில் என்று சொன்னதும் பிள்ளைகள் இருவரும் ஓடிவிட்டார்கள். முந்தைய நாள் ஹடிம்பா கோயிலில் பெண்கள் அங்கோரா முயல்களைப் படம் எடுக்கக் கையில் கொடுத்ததைப் பார்த்திருந்தார்கள். 1553இல் கட்டிய அந்த மரக்கோயிலைவிட முயல்தான் அவர்களுக்கு முக்கியம். அங்கே போய் ஒரு முயலைப் பனிக்கடியில் நிறுத்தி வைத்துக் காது முடியில் நட்சத்திரம் விழுமா என்று காத்திருந்தார்கள். முயலின் சொந்தக்காரப் பாட்டி காசு வாங்கவில்லை.

சோலாங் பள்ளத்தாக்குக்கும் போனோம். கூட்டம், சறுக்கல், ரப்பர் வளையம், மேகி நூடுல்ஸ். எல்லோரும் போகிற இடம், அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கோட் வாடகைக்குப் பேரம் பேசத் தெரியாமல் திண்டாடியது. என் மகள் நடுவில் நின்று தமிழுக்கும் இந்திக்கும் மாற்றி மாற்றிப் பேசி விலையைக் குறைத்துத் தந்தாள். "நீங்க எந்த ஊரு பாப்பா?" என்று அந்த அம்மா கேட்க, "மாயாபந்தர்" என்று பெருமையாகச் சொன்னாள். அது எங்கே இருக்கிறது என்று விளக்க அவள் ஒரு குச்சியால் பனியில் வரைபடம் போட்டாள். தீவுக்கூட்டம் முழுதையும், வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை.

ஊர் திரும்பியதும் கொரோனா வந்தது. பள்ளி மூடியது. மணாலிப் படங்களைச் சாச்சிக்கு அனுப்பக்கூட அப்போது எங்கள் இணையம் செத்துச் செத்துத்தான் ஓடியது. எல்லாம் செயற்கைக்கோள் வழி. அந்த ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போர்ட் பிளேருக்கு வந்தது, ஒரு கிளை ரங்கத் வரைக்கும். மெல்ல மெல்ல எங்களுக்கும் வீடியோ ஓடத் தொடங்கியது. அதன்பின் மாதம் ஒருமுறையாவது வசிஷ்டிலிருந்து போன் வரும். பையன் எங்கள் பிள்ளைகளோடு பேசுவான், அம்மாவும் சாச்சியும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொள்வார்கள். அம்மாவுக்குத் தெரிந்த இந்தி மார்க்கெட் இந்தி. பேச்சு தடைபட்டதை நான் பார்த்ததில்லை.

2023 ஜூலையில் பியாஸ் பெருகி மணாலிச் சாலையை அடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்த அன்று அம்மா சாப்பிடவில்லை. இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது எல்லோரும் நலம், வீடு மேட்டில் இருப்பதால் தப்பியது, கீழே சாலையைத்தான் காணோம் என்றார்கள். அந்த வருடக் குளிர்காலம் அதற்கு நேர்மாறு. டிசம்பர் போனது, 2024 ஜனவரியும் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பள்ளத்தாக்கில் பனி விழவில்லை. சாச்சி பழுப்பு மலையைப் போனில் காட்டினாள். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கடுங்குளிர் வேண்டும், அது கிடைக்காவிட்டால் பூப்பது கெடும், மண்ணிலும் ஈரம் இருக்காது என்றாள். அம்மா காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க விழுந்துச்சா?" கண்மாயைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். இங்கே எங்களுக்குக் கர்மாடாங்கில் ஆமைகள் ஏறிக்கொண்டிருந்தன.

மாதக் கடைசியில்தான் வந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்த நேரம் போன் அடித்தது. பையன் வளர்ந்துவிட்டான், குரல் உடையத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் நின்று கேமராவைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். வேலி, விறகுக் குவியல், அவன் தோண்டி வைத்திருக்கும் குழி, அதற்குள் உருண்டைகள். என் மகன் போனைப் பிடுங்கிக்கொண்டு, அதை மூடு, நாய் தோண்டிவிடும் என்று இந்தியில் கத்தினான். மகள், முட்டை பத்தாது, இன்னும் போடு என்றாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் தலையை நுழைத்தாள்.

"கரண்டைக்கால் மட்டுமா, முழங்கால் மட்டுமான்னு கேளு."

மகள் கேட்டாள். பையன் சிரித்துக்கொண்டே ஒரு காலைப் பனிக்குள் விட்டுக் காட்டினான். கம்பூட்டின் பாதி வரை போனது.

"ஆப்பிளுக்குப் போதுமாம்மா?" என்று அம்மா தமிழிலேயே கேட்டாள். என்ன கேட்கிறாள் என்பது சாச்சிக்கு எப்படியோ புரிந்தது. பையன் தோளுக்குப் பின்னாலிருந்து முகத்தை நீட்டி, இன்னும் இரண்டு தடவை இப்படி விழ வேண்டும் என்றாள்.